பவளக் கை

ஜெசிந்தாவின் கைகள் மேல் நத்தைகளுக்குக் கொள்ளைப் பிரியம். மனிதர்களுக்குத்தான் ஆகவில்லை.

சங்குமுனைக் கரையிலிருந்து வள்ளத்தில் கிளம்பினால் ஒரு வெற்றிலை போட்டு முடிப்பதற்குள் பவளத்திட்டு வந்துவிடும். வெயில் ஏறுவதற்குள் அவள் அங்கே இறங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு முங்கி, இரண்டு கைகளையும் பவளக் கிளைகளுக்கு நடுவே விரித்து வைத்துக் காத்திருப்பாள். அவ்வளவுதான் வேலை. தேட வேண்டாம், தோண்ட வேண்டாம். மூச்சு வாங்க மேலே வந்து மறுபடி முங்குவதற்குள் இடுக்குகளிலிருந்து அவை புறப்பட்டிருக்கும். கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். ஓடெல்லாம் முண்டும் முடிச்சுமாக, அதன் மேல் இளஞ்சிவப்புப் பாசி படிந்து, பார்த்தால் கல் என்றுதான் நினைக்கத் தோன்றும். அந்தக் கல்லுக்குள் ஒரு வாய் இருக்கிறது. உயிருள்ள பவளத்தின் சதையைச் சுரண்டித் தின்றுவிட்டு, வெள்ளை எலும்பை மட்டும் மிச்சம் வைத்து, அடுத்த கிளைக்கு நகர்ந்துவிடும். ஒன்று தின்ன ஆரம்பித்தால் போதும், அந்தப் புண்ணின் வாசனைக்கு ஊரே திரண்டு வரும்.

அந்தப் புண்ணின் வாசனைதான் இப்போது ஜெசிந்தாவின் உள்ளங்கையில் குடியிருந்தது.

கடல் சூடேறிப் பழைய பவளமெல்லாம் வெளுத்துச் செத்தபோது அலை நேராகத் தெருவுக்குள் வந்தது. முன்வரிசை வீடுகள் போயின. பிறகு ஒரு திட்டம் வந்தது, சூட்டைத் தாங்குகிற பவளத்தை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் கொண்டுவந்து நட்டார்கள். அது நன்றாகவே வளர்ந்தது, அலையும் அதன் மேல் மோதி அடங்கியது. எல்லோரும் கை தட்டி முடிப்பதற்குள் நத்தைகள் வந்து சேர்ந்தன. இயந்திரத்தை இறக்கினால் கிளை முறிந்தது. மருந்து தெளித்தால் மீன் செத்தது. புண்ணின் வாசனையைத் தட்டில் பூசி வைத்துப் பார்த்தார்கள், தண்ணீரில் அது கொஞ்ச நேரத்தில் கரைந்துபோனது. கடைசியில் திட்டத்தின் ஆபீஸில் யாருக்கோ யோசனை ஓடியிருக்கிறது: கரையாத, வெதுவெதுப்பான, தானாகத் தீனி கொடுத்துக்கொள்கிற ஒரு தட்டு வேண்டும். மனிதத் தோலைவிட நல்ல தட்டு எங்கே கிடைக்கும்?

அந்த வாசனையைச் சுரக்கும் கிருமி ஒன்றை உருவாக்கி, உள்ளங்கையில் தேய்த்து வளர்த்தார்கள். அதற்குக் கை நீட்டியவர்கள் எதிரே இருந்த தீவைச் சுற்றிக் கடல்பாசி எடுத்துக்கொண்டிருந்த பெண்கள். அவர்களுக்குத்தான் முங்கத் தெரியும், அவர்களுக்குத்தான் வேறு பிழைப்பும் இல்லை. மருதாணி வைத்துக்கொள்வது போலத்தான் என்று சொன்னார்கள். அடையாள அட்டையில் 'பவளப் பாதுகாவலர்' என்று போட்டுக் கொடுத்தார்கள். ஊர் அவர்களை நத்தைக்காரி என்று கூப்பிட்டது.

வளர்ந்தவர்கள் தோலில் அது தானாகத் தொற்றாது என்று ஆபீஸ் எத்தனை முறை சொன்னாலும் ஊர் நம்பவில்லை. டீக்கடையில் தனி டம்ளர் வந்தது. கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டியில் விரல் நனைக்க வேண்டாம் என்று பங்குச்சாமியார் வருத்தத்தோடு கேட்டுக்கொண்டார். வருத்தம் உண்மையானதுதான், தொட்டி மட்டும் அவர்களுக்கு இல்லை. கரைக்கு வந்தால் மஞ்சள் ரப்பர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும் என்பது விதி. அதைவிடப் பெரிய விதி ஒன்று உண்டு. பச்சைக் குழந்தையைத் தொடவே கூடாது. பெரியவர்களிடம் மணிக்கட்டைத் தாண்டாத கிருமி, பிஞ்சுத் தோலில் உடம்பு முழுக்கப் படரும். பக்கத்துக் குப்பத்தில் ஒருத்தி தூக்கத்தில் தன் பிள்ளையை அணைத்துவிட்டாள். அந்தப் பிள்ளைக்கு மேலெல்லாம் புண். கடல் காற்றே ஆகாமல், அந்தக் குடும்பம் பரமக்குடிப் பக்கம் போய்விட்டது.

ஜெசிந்தா இதையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். பொறுத்துக்கொண்டாள் என்பதைவிட, எதிர்த்துப் பேசத் தெம்பில்லாமல் போனது என்பதுதான் சரி. புருஷன் தொம்மை கேரளத்தில் ஆழ்கடல் போட்டில் இருந்தான், பருவத்துக்கு ஒரு முறை வந்து போவான். காலையில் முங்கி, நத்தைகளைக் கையிலிருந்து உரித்துச் சாக்கில் போட்டு, கரைக்கு வந்து, கையுறை மாட்டி, சோறு பொங்கி, படுத்து, எழுந்து, மறுபடி முங்கி என்று அவள் நாட்கள் போயின. நத்தை சுரண்டிய இடங்களில் சின்னச் சின்ன வட்டங்கள் விழுந்திருந்தன. புளி கரைக்கும்போது மட்டும் எரியும்.

மகள் பெனிட்டா உண்டாகியிருக்கிறாள் என்று தூத்துக்குடியிலிருந்து சேதி வந்த அன்றுதான், பல வருஷத்துக்குப் பிறகு, அவளுக்கு ஒன்று வேண்டியிருந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில். பிள்ளையைத் தன் கையால் குளிப்பாட்ட வேண்டும். காலில் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, மூக்கை நீவிவிட வேண்டும். இதற்கு மேல் அவள் ஆசைப்படவில்லை.

சம்பந்தி லூர்தம்மாள் போனில் பக்குவமாகத்தான் பேசினாள். முறை முறைதான், தாய் வீட்டுக்கு அனுப்பத்தான் வேண்டும், ஆனால் உங்கள் கை இப்படி இருக்கிறதே என்று இழுத்தாள். பிள்ளை பிறப்பதற்குள் கையைச் சுத்தம் பண்ணிக்கொள்கிறேன் என்று ஜெசிந்தா வாக்குக் கொடுத்தாள்.

கரையோர ஆபீஸில் டாக்டர் கோமதிநாயகம் இருந்தார். நத்தைக்காரிகளின் கைகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் இந்த மாதிரி ஆபீஸ்களில் சீக்கிரம் களைத்துப்போகிறார்கள், அவரும் களைத்திருந்தார்.

“கட்டுப் போட்டு மருந்து வச்சா கிருமி செத்துரும் ஜெசிந்தாம்மா. அதுல ஒண்ணும் கஷ்டமில்ல. ஆனா ஒருவாட்டி சுத்தம் பண்ண தோல்ல மறுபடி அது வளராது. வேலை போயிரும்.”

“போகட்டும் சார்.”

“உங்க கை மாதிரி வேற கை இங்க இல்ல. உங்க வீட்டுக்கு நேரா இருக்கற திட்டு, அது உங்களாலதான் நிக்குது. மழைக்காலம் வேற வருது.”

அலை வந்தால் முதலில் நனைவது தன் வீடுதான் என்பது அவளுக்கும் தெரியும். ஆனால் வீட்டைக் காப்பாற்றி அதற்குள் பேரப்பிள்ளையைத் தொடாமல் உட்கார்ந்திருப்பதற்கு அவள் தயாராக இல்லை. இதை அவரிடம் விளக்க அவளுக்குச் சலிப்பாக இருந்தது. எப்போது கட்டுப் போடலாம் என்று மட்டும் கேட்டாள். அவர் நாள் குறித்துக் கொடுத்தார். மருந்து கடுமையானது, தோல் கொஞ்சம் வெந்துபோகும், சிலருக்குத் தொடு உணர்ச்சி திரும்பிவர நாளாகும் என்றும் சொன்னார். அவள் தலையாட்டினாள்.

பெனிட்டா வந்தாள். புகுந்த வீட்டில் வளைகாப்பு முடித்து, இரண்டு கையும் கண்ணாடி வளையலாக, கால் வீங்கி, முகம் பூரித்து வந்தாள். அந்த வளைகாப்புக்கு ஜெசிந்தா போயிருந்தாள், கையுறையோடு ஓரமாக நின்றுவிட்டு வந்தாள். அவளோடு முங்குகிற பெண்கள் யாரையும் அழைக்கவில்லை. அழைக்கவும் முடியாது, அழைத்தாலும் போயிருக்க மாட்டார்கள்.

ஆனால் அவர்களுக்கு மனசு கேட்கவில்லை. பெனிட்டாவைச் சின்ன வயதிலிருந்து தோணியில் ஏற்றித் திரிந்தவர்கள். நம் பிள்ளைக்கு நாம் வளையல் போடாமல் யார் போடுவது என்று முத்திருளாயி ஆரம்பித்தாள். அவள் ஜெசிந்தாவுக்கு அடுத்த திட்டில் முங்குகிறவள், வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம். ஜெசிந்தாவுக்குக் கட்டுப் போட வேண்டிய நாளுக்கு முந்தின மத்தியானம் ஆறேழு பெண்கள் வளையலும் பூவும் அஞ்சு வகைச் சோறுமாக வந்துவிட்டார்கள்.

சந்தனக் கிண்ணத்தில் கை வைக்கப் போன முத்திருளாயி நின்றாள். மஞ்சள் ரப்பருக்குள் இருந்த தன் விரல்களைப் பார்த்தாள்.

“இந்த ரப்பரோட புள்ளைக்குச் சந்தனம் பூசவா? பொணத்தத் தொடுற மாதிரியில்ல இருக்கு.”

பெரியவர்களுக்கு ஒட்டாது என்று ஆபீஸே சொல்லியிருக்கிறது. பச்சைக் குழந்தையைத்தான் தொடக் கூடாது. குழந்தை இன்னும் பிறக்கவில்லையே. ஜெசிந்தா ஒரு கணம் தயங்கினாள். அப்புறம் பெனிட்டாவே இரண்டு கைகளையும் நீட்டி, கழட்டுங்க சித்தி, எனக்கென்ன பயம் என்று சொல்லிவிட்டாள். முத்திருளாயி கையுறையை உருவினாள். பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக உருவினார்கள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் வெறும் கைகள் தெரிந்தன. சுருங்கி, வட்டம் வட்டமாகத் தழும்பேறி, உப்பு பூத்த கைகள். அவற்றால் பெனிட்டாவின் கன்னத்திலும் கையிலும் சந்தனம் பூசினார்கள். வீங்கிய கையில் வளையல் ஏறவில்லை, சந்தனத்தையே வழுக்கலுக்குத் தடவி, விரல்களை ஒடுக்கிப் பிடித்து, அழுத்தி ஏற்றினார்கள். பெனிட்டா வலிக்குது வலிக்குது என்று சிரித்தாள்.

கடைசியாக ஜெசிந்தா. மகளை வெறும் கையால் தொட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. விதி அதைத் தடுக்கவில்லை, அவளுடைய பயம்தான் தடுத்தது. நாளைக்குக் கட்டுப் போட்டுவிட்டால் அப்புறம் எப்போதோ. அவள் வளையலைப் போட்டுவிட்டு, மகளின் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். மற்றவர்கள் சோறு பரிமாற ஆரம்பித்தார்கள். அவள் விடவில்லை. போதும்டி, புள்ளைக்குக் கை மரத்துப் போகும் என்று முத்திருளாயி அதட்டிய பிறகுதான் விட்டாள்.

மறுநாள் கட்டுப் போட்டார்கள். முழங்கை வரைக்கும் வெள்ளைத் துணி. முதல் சில நாட்கள் உள்ளே தீ வைத்த மாதிரி எரிந்தது, பிறகு எரிச்சலும் போனது. ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. நிறைமாதப் பெண் தாய்க்குச் சோறு ஊட்டினாள், தலை வாரினாள், முகம் கழுவிவிட்டாள். இந்த வீட்டில் யாருக்குப் பிரசவம் என்று பெனிட்டா கேலி செய்தாள். ஜெசிந்தாவுக்கு வெட்கமாகவும் இருந்தது, சுகமாகவும் இருந்தது. ஓய்வு என்பதை அவள் மறந்தே போயிருந்தாள், உடம்பு அதை நினைவு வைத்திருந்தது. பகலெல்லாம் தூங்கினாள்.

அவள் திட்டையும் சேர்த்து முத்திருளாயி பார்த்தாள். ஒருத்தியால் இரண்டு திட்டை எப்படிப் பார்க்க முடியும்? கிளைகள் நுனியிலிருந்து வெளுத்துக்கொண்டு வருகின்றன என்று சாயங்காலம் வந்து சொல்லிவிட்டுப் போவாள். பழி சொல்கிற குரல் இல்லை. அப்படியிருந்தும் ஜெசிந்தா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

கட்டு அவிழ்க்கிற அன்று தானும் வருவேன் என்று பெனிட்டா அடம் பிடித்து ஆபீஸுக்கு வந்தாள். துணியை உருவியதும் உள்ளே வேறு யாருடைய கையோ இருந்தது. வெளிறி, வழவழப்பாக, ரேகைகூட மங்கி, தழும்பின் வட்டங்கள் மட்டும் நிழலாகத் தெரிந்தன. டாக்டர் ஒரு கண்ணாடித் தொட்டியைக் கொண்டுவந்து வைத்தார். கடல்தண்ணீர், அடியில் நத்தைகள். இதுதான் சோதனை. கையை உள்ளே வைத்து, நத்தை வருகிறதா என்று பார்ப்பார்கள்.

ஜெசிந்தா கையை இறக்கினாள். தண்ணீர் குளிர்ந்திருக்க வேண்டும், அவளுக்குத் தெரியவில்லை. அதை அப்போது அவள் பெரிதாக நினைக்கவுமில்லை. மூன்று பேரும் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நத்தைகள் கிடந்த இடத்தில் கிடந்தன. ஒன்று லேசாக அசைந்தது, ஆனால் அது எதிர்த் திசையில் நகர்ந்து கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. நேரம் போனது. ஒன்றும் வரவில்லை.

“சுத்தமாயிருச்சு. தாராளமா பேரப்புள்ளையைத் தூக்கலாம்” என்றார் டாக்டர்.

ஜெசிந்தா அழுதுவிட்டாள். இத்தனை வருஷம் ஒரு சொட்டு விடாதவள், அந்நியர் முன்னால், மூக்கு ஒழுக அழுதாள். பெனிட்டாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, அன்றைக்குப் புழுக்கம் அதிகம், கையெல்லாம் வீங்கிக் கனத்தது, எதிரே தண்ணீர் தெளிவாக இருந்தது. எங்கம்மாவைத் தின்ன பயல்கள் இவங்கதானா என்று சொல்லிக்கொண்டே பெனிட்டா வளையல்களை மேலே ஏற்றிவிட்டுத் தன் கையைத் தொட்டிக்குள் விட்டாள்.

முதலில் கண்ணாடியில் ஒட்டியிருந்தது இறங்கியது. பிறகு அடியில் கிடந்தவை ஒவ்வொன்றாகத் திரும்பின. அவசரமே இல்லாமல், வழி தெரிந்தவர்கள் போல, எல்லாம் அந்தக் கையை நோக்கி வந்தன.

பெனிட்டா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். முதல் நத்தை அவள் சுண்டுவிரலில் ஏறிய பிறகுதான் தாயின் முகத்தைப் பார்த்தாள்.

டாக்டர் அவள் கையை எடுத்துத் துடைத்தார். பிறகு வெகுநேரம் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். பெரியவர்களுக்கு ஒட்டாது என்று சொன்னவர் அவர்தான். ஆகவே விளக்க வேண்டியதும் அவர்தான்.

“வயித்துல இன்னொரு உயிர் இருக்கும்போது, அதை அந்நியம்னு வெளிய தள்ளிடக் கூடாதுன்னு உடம்பு தன் காவலைக் கொஞ்சம் தளர்த்திக்கும். தாய்க்கு மட்டும் நடக்கறது அது. அந்தத் தளர்ச்சியில இதுவும் உள்ள வந்திருக்கு. நாங்க இதை யோசிக்கல. வேலைக்கு எடுத்தவங்க யாரும் கர்ப்பிணி இல்ல, அதனால பரிசோதிக்கல.”

“மருந்து வச்சுக் கட்டுங்க சார். இப்பவே கட்டுங்க” என்றாள் ஜெசிந்தா.

“இப்ப வச்சா குழந்தைக்குப் போகும். பிறந்தப்புறம் வச்சா பால்ல போகும். பால்குடி மறக்கற வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாது.”

அதுவரை கையுறையோடுதான் குழந்தையைத் தொட வேண்டும் என்றார். மார்பில் கிருமி வளராது, பால் கொடுக்கலாம், யாராவது தூக்கி வைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். தானாக ஒட்டிய கிருமி இவ்வளவு பலமாக இருந்து அவர் பார்த்ததில்லை. ஆபீஸுக்குத் தெரிந்தால் இந்தக் கையை விடமாட்டார்கள். அம்மாவின் திட்டுக்கு வேறு ஆள் இல்லை. இப்போதைக்கு அவர் எழுதப் போவதில்லை, எத்தனை நாள் மறைக்க முடியும் என்று அவருக்கே தெரியாது. பெனிட்டா தன் கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றவர் சொத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யாருடைய கையிலிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு ஆறேழு பேர் சந்தனம் பூசினார்கள், யாராகவும் இருக்கலாம். அதிக நேரம் பிடித்துக்கொண்டிருந்தவள் யார் என்பது மட்டும் ஜெசிந்தாவுக்குத் தெரியும்.

வெளியே வந்து வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தபோது பெனிட்டா முதல் முறையாகப் பயந்தாள். கையைப் பற்றி அவள் பயம் இல்லை. தூத்துக்குடியைப் பற்றி. நத்தைக்காரி மகள் என்பதையே லூர்தம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஏற்றுக்கொண்டாள். புருஷன் அமலன் நல்லவன், ஆனால் அவன் நல்ல குணமெல்லாம் அவன் அம்மா அறைக்குள் வரும் வரைதான். மருமகளே நத்தைக்காரி என்று தெரிந்தால் பிள்ளையை வாங்கிக்கொண்டு இவளை இங்கேயே விட்டுவிடுவார்கள். கிருமி போனாலும் பேர் போகாது.

ஜெசிந்தா எழுந்து மறுபடி உள்ளே போனாள்.

“சார், ஒரு பொய் சொல்லணும். எனக்குச் சுத்தமாகலன்னு சொல்லுங்க. மருந்து புடிக்கல, தோல் வெந்ததால முங்க ஆகாது, ஆனா என் கையில இன்னும் இருக்குன்னு. என்கூட ஒரே வீட்ல இருக்கறதால பாதுகாப்புக்கு மகளும் கிளவுஸ் போட்டுக்கணும்னு சொல்லுங்க.”

“அப்படிச் சொன்னா உங்களைக் கிட்டயே சேர்க்க மாட்டாங்க. எதுக்காகக் கையை வேக வச்சுக்கிட்டீங்களோ அது...”

“எனக்கு நத்தைக்காரியா இருந்து பழகிப்போச்சு சார். அவளுக்குப் பழக வேண்டாம்.”

டாக்டர் அந்தப் பொய்யை ஆபீஸ் தாளில் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். அவர் எழுதியதில் அதிகம் படிக்கப்பட்டது அதுவாகத்தான் இருக்கும்.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. முறைப்படி தாயும் பிள்ளையும் ஜெசிந்தா வீட்டுக்கே வர, லூர்தம்மாளும் பெட்டி படுக்கையோடு அங்கே வந்து இறங்கினாள். குழந்தையை அவளே குளிப்பாட்டினாள், அவளே எண்ணெய் தேய்த்தாள், மூக்கை நீவினாள். பால் குடிக்கும் நேரத்தில் அவளே தூக்கி மருமகள் மார்பில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். கெட்டவள் இல்லை. பேத்தி மேல் உயிரையே வைத்திருந்தாள், அதனால்தான் ஜெசிந்தா வாசலைத் தாண்டி உள்ளே வரும்போதெல்லாம் குழந்தையைத் துணியால் மூடினாள். ஜெசிந்தா சொந்த வீட்டில் அடுப்படியோடு நின்றுகொண்டாள். சுத்தமான கைகளின் மேல் மஞ்சள் ரப்பர் மாட்டிக்கொண்டு மீன் கழுவினாள், துணி துவைத்தாள்.

“உங்களாலதான சம்பந்தியம்மா, பெத்தவ தன் புள்ளைய ரப்பர் போட்டுத் தொட வேண்டியிருக்கு” என்றாள் லூர்தம்மாள் ஒரு நாள், கோபமாகக்கூட இல்லை, அலுப்பாக.

ஜெசிந்தா ஆமாம் என்றாள். அந்த வீட்டில் சொல்லப்பட்ட பொய்களுக்கு நடுவே அது ஒன்று உண்மை.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. வெளுத்துப்போன திட்டின் மேல் அலை தடை இல்லாமல் ஏறி, வாசல் வரை வந்து, செருப்புகளை இழுத்துக்கொண்டு போனது. முத்திருளாயி நனைந்த சேலையோடு வந்து, எட்ட நின்று குழந்தையைப் பார்த்துவிட்டுப் போவாள். வளைகாப்பு நடந்த மத்தியானத்தைப் பற்றி அவளிடம் ஜெசிந்தா வாயே திறக்கவில்லை. தெரிந்தால் அவள் உடைந்துபோவாள், உடைந்தால் நாளைக்கு யார் முங்குவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. லூர்தம்மாள் பூசைக்குப் போனாள். குழந்தை தூங்குகிறது, எழுந்தால் எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுங்கள், நீங்கள் தொட்டுவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். அவள் தெருமுனை திரும்பியதும் குழந்தை எழுந்து வீறிட்டது. பெனிட்டா கையுறையோடு தொட்டிலை ஆட்டிப் பார்த்தாள். ரப்பர் பட்டதும் குழந்தை இன்னும் சுருண்டு அழுதது.

“அம்மா, கழட்டிட்டுத் தூக்கும்மா. யாருமில்ல.”

ஜெசிந்தா கதவைச் சாத்தினாள். கையுறைகளை உருவி, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, தொட்டிலுக்குள் குனிந்தாள். குழந்தையை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அது இரண்டு முறை விசும்பிவிட்டு அடங்கியது.

பெனிட்டா பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் கைகள் இரண்டும் மடியில் கிடந்தன.

“எப்படிம்மா இருக்கா?”

“என்ன எப்படி?”

“தொட்டா எப்படி இருக்கா? எனக்குத் தெரியாதுல்ல. சொல்லேன்.”

ஜெசிந்தா குழந்தையின் முதுகில் உள்ளங்கையை வைத்தாள். எதுவும் தெரியவில்லை. கனம் தெரிந்தது, தோளில் மூச்சு பட்டது, கைக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. உணர்ச்சி நாளாக நாளாகத் திரும்பும் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். கொதிக்கிற சட்டியைத் தொட்டுப் பார்த்தாள் ஒரு நாள், விரல் கொப்பளித்த பிறகுதான் சூடு என்று புரிந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது மெதுவாக, கீழிருந்து மேலாக, மறுபடி தடவிப் பார்த்தாள். ஒரு மரக்கட்டையைத் தடவினாலும் அவள் கைக்கு இப்படித்தான் இருந்திருக்கும்.

அவள் மகளைப் பார்த்தாள். பெனிட்டா கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

“வெதுவெதுன்னு இருக்காடி. தோள்பட்டையில பூனைமுடி இருக்கு, தடவுனா ஒரு பக்கமா படுத்துக்குது. கழுத்து மடிப்புல மட்டும் கொஞ்சம் ஈரம்.”

“அப்புறம்?”

“முதுகெலும்பு சின்னச் சின்னதா, மணி கோத்த மாதிரி விரலுக்குத் தட்டுப்படுது. உள்ளங்கால் சில்லுன்னு இருக்கு. கட்டைவிரல வச்சா அஞ்சு விரலையும் மடக்கிப் புடிச்சுக்கறா.”

“அப்புறம்மா?”

அப்புறம் காது மடல், அப்புறம் உச்சந்தலையில் துடிக்கிற பள்ளம், அப்புறம் தொடையின் மடிப்பு. ஜெசிந்தா ஒன்றையும் விடாமல் சொன்னாள். எல்லாமே பெனிட்டா பிறந்த அன்று இந்தக் கைகளுக்குத் தெரிந்தவை. கொடுப்பதற்கு அவளிடம் அவ்வளவுதான் இருந்தது. பூசை முடிந்து கோயில் மணி அடிக்கும் வரை அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.